குகைப் படகில் இடம் மாறி உட்கார்ந்தேன்

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமைக் காலை. ஆக்லாந்தில் மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துக்கு வெளியே, தோளில் பையும் கழுத்தில் பைனாகுலருமாக ஒரு வெள்ளை வேனுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். ஏரி, குகை, கோட்டை மூன்றையும் ஒரே நாளில் காட்டிக் கூட்டிவரும் சின்னக் குழுச் சுற்றுலா என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் அது ஒரு பெண் பார்க்கும் பயணம். வேனில் வந்தவர்களில் அது தெரியாத ஒரே ஆள் நான்தான். டிரைவருக்குக்கூடத் தெரிந்திருந்தது என்பது பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று நான் குழம்பியதைப் போல நீங்களும் குழம்ப வேண்டியிருக்கும்.

நான் திருச்சிப் பெண். மேற்படிப்புக்காக இங்கே வந்து, படிப்பு முடிந்ததும் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் பிரிவில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்கிறார். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், "வானில ஒரு சீட் இருக்கு. நீரும் வாறீரோ?" என்று கேட்டார். வேனை அவர் "வான்" என்பார். எங்கே, யாரோடு என்றெல்லாம் கேட்காமல் "வர்றேன்க்கா!" என்றேன். நான் அப்படித்தான். எங்கேயாவது போகலாம் என்று யாராவது வாயைத் திறந்தால், அவர் மூடுவதற்குள் நான் செருப்பை மாட்டியிருப்பேன்.

என்னை ஏன் கூப்பிட்டார் என்பதை அக்கா பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போதெல்லாம் பெண் பார்க்க வீட்டுக்குப் போனால் பெண்ணுக்குப் பிடிப்பதில்லை. தட்டும் பலகாரமுமாக உட்கார வைத்தால் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து எங்கேயாவது சுற்றப் போவதுபோல் போகிறார்கள். சரிவந்தால் நல்லது. வராவிட்டால், "சும்மா இடம் பாக்கப் போனனாங்கள்" என்று சொல்லிவிடலாம், ஒருவருக்கும் தலைகுனிவு இல்லை. அது சுற்றுலா மாதிரியே இருக்க வேண்டும் என்றால் சம்பந்தமில்லாத ஆள் ஒன்று கூட இருக்க வேண்டும். அந்தச் சம்பந்தமில்லாத ஆள் நான்.

பெண், அக்காவின் தமக்கை மகள். ஆக்லாந்திலேயே ரானுயியில் வீடு. இங்கேயே பிறந்தவள், ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். அவளும் அவள் அம்மாவும் அக்காவும் வேனில் ஏற்கெனவே இருந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் நகருக்குத் தெற்கே புக்கெகோஹி என்ற ஊர்க்காரர்கள். நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் இடத்தில், பை நிறைய மண்ணோடு கேரட்டை வைத்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை அங்கே காய்கறி பொதி கட்டும் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். முப்பது வயது இருக்கும். எல்லோருக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுக் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

அன்று மாலை கோட்டையில் தேநீர் குடித்து எழுவதற்குள், பெண் தன் அம்மாவிடம் சம்மதம் அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா அடுத்த வாரம் ஊருக்குப் போகிறார். சரி என்றால் அங்கேயே நாள் பார்ப்பார், இல்லை என்றால் அங்கேயே வேறு பெண் பார்ப்பார். இத்தனையும் முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கை வரைக்கும் கண்ணாலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நானோ ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு மாடு எண்ணிக்கொண்டிருந்தேன்.

நடுவில் பெண்ணின் அம்மா பின்னால் திரும்பி, "தம்பி கார் ஓடுறேல்லையோ? புக்கெகோஹியில கார் இல்லாமல் எப்பிடி?" என்று கேட்டார்.

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய அம்மா முந்திக்கொண்டார். "அவன் காற்றெல்லாம் மாசுபடுதெண்டு ஓடுறேல்லை. கொள்கை."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உலகம் சூடாவதைப் பற்றி அங்கேயே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும் சார்!" என்று முடித்தேன். அவர் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் கராபிரோ ஏரி. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. கரையோரம் நடக்கத் தொடங்கியதும் ஓர் அதிசயம் நடந்தது. பெரியவர்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் கால் வலித்தது. "நீங்கள் நடவுங்கோ, நாங்கள் மெல்ல வாறம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால் போனார்கள். நான் சும்மா இருப்பேனா? இருவருக்கும் நடுவில் ஓடிப்போய், பைனாகுலரை அவரிடம் கொடுத்து, "அதோ பாருங்க, கறுப்பு அன்னம்! நம்ம ஊர்ல அன்னம்னாலே வெள்ளைன்னு நினைப்போம்ல?" என்றேன்.

பின்னாலிருந்து அக்காவின் குரல். "பிள்ளை, இஞ்ச வாரும்! என்னை ஒரு ஃபோட்டோ எடுத்துத் தாரும்!"

ஓடிப்போய் எடுத்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும், "பிள்ளை, இந்த மரத்தோட ஒண்டு!" அலுவலகத்தில் கேமராவைக் கண்டாலே கையால் முகத்தை மூடிக்கொள்பவருக்கு அன்றைக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. குப்பைத் தொட்டியோடுகூட ஒரு படம் எடுத்தேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

அங்கிருந்து வைட்டோமோ பக்கத்துக் குகைக்குப் போனோம். கூரையெல்லாம் நீலப் புள்ளிகளாக மின்னும் புழுக்கள் உள்ள குகை. சின்னப் படகில் ஏறி, விளக்கே இல்லாமல், பேசாமல் போக வேண்டும். படிக்கட்டின் கீழே குகை வழிகாட்டியின் கையில் மட்டும் ஒரு டார்ச். அக்கா எங்களை உட்கார வைத்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் பலகையில் மாப்பிள்ளை, அவர் பக்கத்தில் பெண், அடுத்து நான். பெரியவர்கள் பின்பலகையில். மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். மாப்பிள்ளை எழுந்து திரும்பி நின்று அம்மாவைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் டார்ச் அணைந்தது.

அந்த நொடியில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. பெண் உட்கார்ந்திருந்த இடம்தான் படகின் நடு மூக்கு. அங்கிருந்து பார்த்தால் முழுக் கூரையும் தெரியும்! அவள் கையைச் சுரண்டி, "இடம் மாத்திக்கலாமா?" என்று காதில் கேட்டேன். அவள் காத்திருந்தவள் போலச் சட்டென்று நகர்ந்துகொண்டாள். படகு கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான்.

அவரும் வந்து உட்கார்ந்தார், படகு கிளம்பியது. மேலே பார்த்தேன். அதை என்னால் எழுத முடியாது, விட்டுவிடுகிறேன். வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, இடது காதுப் பக்கம் மிக மெல்லிய ஒரு குரல் கேட்டது. காலை வணக்கத்துக்குப் பிறகு அந்த மனிதரிடமிருந்து நான் கேட்காத குரல்.

"நான் ஒரு விசயம் சொல்லோணும். வெளிச்சத்தில எனக்குச் சொல்ல வராது."

மேலே பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எனக்கு வலிப்பு இருக்கு. பள்ளிக்கூடத்தில படிக்கேக்க துவங்கினது. ஒவ்வொரு நாளும் குளிசை போடுறன். இந்த வருசத் துவக்கத்திலயும் ஒருக்கா வந்தது, அதுதான் கார் ஓடுறேல்லை. காற்று மாசு எல்லாம் அம்மா சொல்லுற கதை. அம்மா இதை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டவா. எனக்கு அது சரியாப் படேல்லை. நீங்கள் இப்ப ஒண்டும் சொல்லத் தேவையில்லை. விருப்பமில்லையெண்டால் அந்தக் கோட்டையில தேத்தண்ணி குடிக்கேக்க உங்கட அம்மாவிட்டச் சொல்லுங்கோ. காரணம் சொல்ல வேண்டாம். நான் கோவிக்க மாட்டன்."

என் அம்மா திருச்சியில் இருக்கிறார். அவரிடம் நான் எதைச் சொல்ல வேண்டும்? எதற்கு விருப்பமில்லை? இந்த மனிதர் எதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளாமல் இருக்கிறார்? மண்டைக்குள் கேள்விகள் முட்டிக்கொண்டன. ஒன்று மட்டும் ஓரளவு பொருந்தியது. மருத்துவமனையில் வேலை என்று காலையில் சொல்லியிருந்தேன். ஊரில் இருக்கும் என் சித்தப்பாகூட என்னிடம்தான் மூட்டு வலிக்கு மருந்து கேட்பார். இவரும் என்னை நர்ஸ் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, வழியில் வலிப்பு வந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இருட்டில் தலையை ஆட்டினேன். இருட்டில் ஆட்டிய தலை யாருக்குத் தெரியும்?

சொல்லி முடித்ததும் அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். குகை வாயில் வெளிச்சம் வந்தும் திரும்பவில்லை. படகு நின்றதும் முதல் ஆளாக எழுந்து, பின்பலகைக்குப் போய் அம்மாவைக் கைபிடித்து இறக்கினார். பக்கத்தில் இருந்தது யார் என்று கடைசி வரை அவர் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு எல்லாமே புரியாத மாதிரி நடந்தது. நான் அவரைவிட்டு நகரவே இல்லை. விழுந்தால் பிடிக்க வேண்டுமே! படியில் அவர் கால் வைக்கும் இடமெல்லாம் நானும் கால் வைத்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். அக்கா என்னை எரிப்பதுபோலப் பார்த்தார். பெண்ணோ குகையிலிருந்து வந்ததிலிருந்து ஒரே உற்சாகம். டிரைவரோடு ஏதோ பேசிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. வழியில் ஒரு டெய்ரியில், இங்கே பெட்டிக்கடைக்கு அதுதான் பெயர், வேன் நின்றபோது, அவர் இறங்கிப் போய் ஒரே ஒரு ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். நேராக அவளிடம் நீட்டினார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ரகசியத்தை என்னிடம் சொல்லிவிட்டு ஐஸ்கிரீமை அவளுக்குக் கொடுக்கிறாரே!

கோட்டைக்கு வந்தோம். நியூசிலாந்தில் எந்த ராஜா கோட்டை கட்டினான் என்று கேட்காதீர்கள். யாரோ ஒரு பணக்காரர் ஆசைப்பட்டுக் கட்டிய கல் வீடு. ஒரு கோபுரம், கீழே ஒரு தேநீர்க்கூடம், வாசலில் ஓர் இரும்புக் கவச மனிதன். பெரியவர்கள் மேசையில் உட்கார்ந்து தேநீருக்கும் ஸ்கோன் என்கிற சின்ன ரொட்டிக்கும் சொன்னார்கள். பெண் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் ஆங்கிலத்தில்தான் பேசினாள். "நீங்கள் ரொம்ப நல்லவர். என்னைத் தனியாக மாட்டவிடாமல் நாள் முழுக்கக் கூடவே இருந்தீர்கள். ஏரியிலும், படகிலும்."

"எதுல மாட்டவிடாம?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி தமிழுக்கு மாறினாள். "ஓ மை காட்! சித்தி உங்களுக்குச் சொல்லேல்லையா? இது பொம்பிளை பாக்கிற ட்ரிப்!"

பெரியவர்களின் கால் வலி, குப்பைத் தொட்டிப் படம் எல்லாம் ஒரே நொடியில் எனக்கு விளங்கின. அவள் மறுபடி ஆங்கிலத்தில் தொடர்ந்தாள். "தேநீர் முடிவதற்குள் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்லப்போகிறேன். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. ஆனால் ஒரு முழு நாளில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லையே! ஐஸ்கிரீம் வாங்கித் தந்தால் போதுமா? பேசவே தெரியாத ஒருவரோடு எப்படி வாழ்வது?"

பேசினார். வாழ்க்கையில் பேச வேண்டியதிலேயே கஷ்டமான பேச்சை அவர் பேசிவிட்டார். ஆனால் அது என் காதில் இருந்தது.

இது நான் சொல்லக்கூடியதா? சொன்னால் அவர் நம்பிச் சொன்னதை நான் ஊருக்குச் சொன்னதாகும். சொல்லாவிட்டால், பேசத் தெரியாதவர் என்று ஒரு பொய்க் காரணத்துக்காக அவரை ஒதுக்கிவிடுவாள். எதிலும் முந்திக்கொள்ளும் எனக்கு, எந்தப் பக்கம் திரும்புவது என்று முதல் தடவையாகத் தெரியவில்லை. "ஒரு நிமிஷம் இங்கேயே இருங்க, பாத்ரூம் போயிட்டு வர்றேன்" என்று அவளை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

அவர் கவச மனிதனுக்குப் பக்கத்தில், அதைவிட விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"சார், படகுல உங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தது நான்."

அவருக்கு முதலில் மண்டையில் ஏறவில்லை. ஏறியதும் முகத்திலிருந்த இரத்தமெல்லாம் இறங்கிவிட்டது.

"முழுக்கக் கேட்டனீங்களோ?"

"கேட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சத்தியமா சொல்லல."

"அப்ப அவ?"

"அவங்களுக்கு எதுவுமே தெரியாது. நீங்க பேசவே இல்லன்னு நினைச்சிட்டிருக்காங்க."

"அப்ப அந்தச் சிரிப்பு? வெளியில வந்து அவ்வளவு சந்தோசமாச் சிரிச்சாவே?"

"அது டிரைவர் சொன்ன ஜோக்குக்கு."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. "இன்னொருக்கா என்னால ஏலாது தங்கச்சி. இருட்டெண்டபடியாத்தான் சொன்னனான்."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் வராது. கண்ணில் பட்டதைச் சொன்னேன். "அந்தக் கோபுரத்துப் படிக்கட்டும் இருட்டாத்தான் இருக்கு. இப்பதான் எட்டிப் பார்த்தேன், ஒரு பல்பு எரியல."

அவர் என்னைப் பார்த்தார். படிக்கட்டின் வாசலைப் பார்த்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே அவள் நின்ற பக்கம் நடந்தார். இருவரும் படியேறுவதைப் பார்த்துவிட்டு, நான் தேநீர்க்கூடத்துக்கு ஓடினேன். பெரியவர்கள் எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே!

வேறு வழி தெரியாமல், அந்தக் குகையில் மின்னியது என்ன என்று சொல்ல ஆரம்பித்தேன். நட்சத்திரம் மாதிரித் தெரிந்தாலும் அது ஒரு வகைப் பூச்சியின் புழு, பசி கூடினால் வெளிச்சமும் கூடும், வெளிச்சத்தைக் காட்டிச் சின்னப் பூச்சிகளை வரவழைத்துப் பிடித்துத் தின்னும் என்றேன்.

"ஐயோ, அது புழுவோ?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நான் கையெடுத்துக் கும்பிட்டனானே!"

"கும்பிடுறதையும் பாத்துக் கும்பிடோணும்" என்று அக்கா சொல்ல, மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கோபுரப் பக்கம் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த ஸ்கோன் துண்டு வாய்க்கும் போகவில்லை, தட்டுக்கும் திரும்பவில்லை.

"மேல என்ன கதைக்கினம் பிள்ளை?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

"தெரியல ஆன்ட்டி."

"அவன் நல்ல பிள்ளை" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கொள்கை என்று காலையில் சொன்ன அதே வாய். எனக்கு அவர்மேல் வர வேண்டிய கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றும் தெரியவில்லை.

தேநீர் ஆறிப்போன பிறகுதான் இருவரும் இறங்கி வந்தார்கள். பெண்ணின் மூக்கு சிவந்திருந்தது. அவர் தன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த ஸ்கோன் துண்டை அவர் கையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார்.

பெண்ணின் அம்மா பொறுக்கமாட்டாமல் மகளைப் பக்கத்தில் இழுத்தார். "என்னடி? ஓமோ, இல்லையோ?"

"கதைச்சாச்சு. இன்னும் கதைக்க இருக்கு."

"அதென்ன பதில்? ஓமோ, இல்லையோ?"

"இன்னும் கதைக்க இருக்கு எண்டுறன் அம்மா."

இந்தப் பதிலை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அக்கா கணக்கில் இரண்டு பதில்கள்தான் இருந்தன. திரும்பி வரும் வழியில் நான் ஒரு மாடுகூட எண்ணவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்று டிரைவர் விசாரித்தார்.

புக்கெகோஹி பிரிவில் அவர்கள் இறங்கினார்கள். அவர் என் ஜன்னலுக்கு வந்து, அந்தக் கேரட் பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த வாரக் கடைசியில் பெண்ணிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. அந்த வலிப்பு மாத்திரையை அவள் கடையில் தினமும் எடுத்துக் கொடுக்கிறாளாம், அதைக் கேட்டுப் பயப்படவில்லையாம். அவருடைய அம்மா மறைத்ததுதான் இன்னும் உறுத்துகிறதாம். அதை அவரிடமே சொல்லியும் விட்டாளாம். ஊருக்குப் போகும் முன் அந்த அம்மா தாமே ரானுயிக்குப் போய், அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். செய்தியின் கடைசியில் இப்படி இருந்தது: "சனிக்கிழமை நாங்கள் இருவரும் மறுபடியும் அந்தக் குகைக்குப் போகிறோம். தயவுசெய்து நீங்கள் வராதீர்கள்."

சிரித்தேன். பிறகு நெடுநேரம் யோசித்தேன். அவர் பேசத் தொடங்கியபோதே "நான் அவங்க இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லியிருக்கவே மாட்டாரோ என்றும் தோன்றுகிறது. நான் செய்தது சரியா தவறா என்று இன்னமும் எனக்குத் தெளியவில்லை. ஆனால் அன்றிலிருந்து, யாராவது என் பக்கத்தில் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தால், அவர் பார்க்கும்படி முகத்தை ஒரு முறை திருப்பிக் காட்டிவிட்டுத்தான் காது கொடுக்கிறேன்.